இரண்டு நாட்டுக்கு ஆடிய கிரிக்கெட்காரரைப் பற்றி மேடையில் பத்து நிமிடம் பேசுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பேச்சுப் போட்டி என்று அறிவித்தவுடன் பிள்ளைகளில் பாதிப் பேர் ஔவையார் என்பார்கள், மீதிப் பேர் கிரிக்கெட் என்பார்கள். ஔவையாருக்கு வீட்டில் பாட்டி உதவுவார். கிரிக்கெட் பேச்சுதான் மேடையில் சொதப்பும், ஏனென்றால் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிடுகிறோம். என் அக்கா மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் கெப்ளர் வெசல்ஸைப் பற்றிப் பேசப் போனான். "தென்னாப்பிரிக்காவுக்காக 109 ஒருநாள் ஆட்டம் ஆடியவர்" என்று ஆரம்பித்தானோ இல்லையோ, மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து "தம்பி, அதில் பாதி ஆஸ்திரேலியாவுக்கு" என்றார். பையன் அத்தோடு சரி. மீதி ஒன்பது நிமிடமும் மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். தப்பு அவனுடையது இல்லை, எழுதிக் கொடுத்த மாமா நான்தான். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பது. இங்கே பிறந்து வேறு நாட்டுக்கு ஆடினவரும் இரண்டு நாட்டுக்கு ஆடினவரும் ஒன்றல்ல, பிள்ளைகள் பத்தில் எட்டு பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கெவின் பீட்டர்சன் பக்கத்து ஊர் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், ஆனால் சர்வதேச ஆட்டம் ஆடியது இங்கிலாந்துக்கு மட்டும். ராபின் ஸ்மித் நம் டர்பன் பிள்ளை, அவரும் இங்கிலாந்து மட்டும்தான். 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்டெய்ன் பந்தை சிக்ஸர் அடித்து நம் எல்லாரையும் அழவைத்த கிராண்ட் எலியட் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், சர்வதேச ஆட்டத்தில் நியூசிலாந்து தவிர வேறு நாட்டுக்கு ஆடியதில்லை. இவர்களைப் பற்றிப் பேசலாம், தாராளமாக, ஆனால் அது வேறு பேச்சு. நம் தலைப்புக்கு ஒரே ஒரு சோதனைதான்: இரண்டு நாட்டின் தொப்பியையும் போட்டு, பதிவேட்டில் ஏறிய சர்வதேச ஆட்டம் ஆடியிருக்கிறாரா?

அப்படிப் பார்த்தால் நம் மண்ணோடு தொடர்புள்ள பெயர்களே போதுமான அளவு இருக்கின்றன. வெசல்ஸ் இருக்கிறார். தென்னாப்பிரிக்காவுக்கும் ஜிம்பாப்வேக்கும் ஆடிய ஜான் ட்ரைக்கோஸ் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு இவர்கள் ரொம்பப் பழையவர்களாகத் தெரிந்தால் ரூலோஃப் வான் டெர் மெர்வை எடுக்கச் சொல்லுங்கள். 2009-இல் நம் அணியில் ஆடிய அதே ஆள், 2022 நவம்பர் 6-ஆம் தேதி அடிலெய்டில் நெதர்லாந்து சட்டையில் பின்னாலேயே ஓடி டேவிட் மில்லரின் கேட்சைப் பிடித்து நம்மை டி20 உலகக் கோப்பையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார். டேவிட் வீசா இங்கே ஆடிவிட்டு நமீபியாவுக்குப் போனவர். செனுரன் முத்துசாமியைப் பற்றிப் பேச ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு, டர்பன் பையன், பெயரிலேயே நம் ஆள், முதல் டெஸ்டிலேயே விசாகப்பட்டினத்தில் கோலியைத் தன் பந்தில் தானே பிடித்தவர். ஆனால் அவர் ஒரே நாட்டுக்காரர். அடுத்த வருடப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் முடிவானதும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஆட்டக்காரர், வலது பக்கம் நாடு. ஓட்டக் கணக்கு, சதம், சராசரி எதையும் இப்போது எழுத வேண்டாம். வருடம் மட்டும். எல்லாரும் எண்ணிக்கையில் ஆரம்பித்து எண்ணிக்கையில் முடிக்கிறார்கள், அதனால்தான் எல்லாப் பேச்சும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆள் ஏன் நாடு மாறினார் என்பது ஓட்டக் கணக்கில் கிடைக்காது, வலது பக்கத்து வருடங்களில்தான் கிடைக்கும்.

வெசல்ஸுக்கு எழுதிப் பார்க்கலாம். இடது பக்கம்: 1957-இல் புளூம்ஃபோன்டெய்னில் பிறப்பு. வலது பக்கம் 1970: தென்னாப்பிரிக்கா கடைசி டெஸ்ட் ஆடுகிறது, நிறவெறி ஆட்சியின் காரணமாக அதற்கப்புறம் யாரும் அதோடு டெஸ்ட் ஆடவில்லை. அப்போது இவருக்கு வயது பன்னிரண்டு. இந்த ஒரு வரியை எழுதியவுடனேயே பாதிக் கதை வெளியே வந்துவிடும், பையன் வளர்ந்து பெரியவனாகும்போது ஆடுவதற்கு நாடு என்று ஒன்று இல்லை. 1970-களின் கடைசியில் கெர்ரி பேக்கர் என்ற பணக்காரர் தனியாக நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டுக்காக ஆஸ்திரேலியா போகிறார், அங்கேயே தங்கி குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு ஆடித் தகுதி பெறுகிறார், 1982 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே 162. ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி டெஸ்ட் 1985 நவம்பர், அதுவும் பிரிஸ்பேனில்தான். அப்புறம் ஊர் திரும்புகிறார். 1986-87-இல் தடையை மீறி இங்கே வந்த ஆஸ்திரேலியக் 'கலக' அணியோடு சேர்ந்து, தன் சொந்த மண்ணில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆடுகிறார். வலது பக்கம் 1991: தடை நீங்குகிறது. இடது பக்கம் 1992: தென்னாப்பிரிக்காவின் தலைவர். 1994 ஆகஸ்டில் ஓவலில் கடைசி டெஸ்ட்.

தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். 1985-க்கும் 1992-க்கும் நடுவில் ஆறு வருடத்துக்கு மேல் ஒரு வெற்றிடம் இருக்கிறது இல்லையா, பேச்சின் நடுப்பகுதி அங்கேதான் உட்கார வேண்டும்.

இந்த வெற்றிடம் யாருக்கு எவ்வளவு பெரியது என்பது சுவாரசியமான விஷயம், அதில் ட்ரைக்கோஸை மிஞ்ச ஆள் இல்லை. எகிப்தில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வளர்ந்தவர், நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதல் டெஸ்ட் 1970 பிப்ரவரியில், நம் கிங்ஸ்மீட் மைதானத்தில். மூன்று டெஸ்ட் ஆடினார், மார்ச் 10-ஆம் தேதி தொடர் முடிந்தது, நாடே வெளியே தள்ளப்பட்டது. அடுத்த டெஸ்ட் 1992 அக்டோபர் 18, ஹராரே, ஜிம்பாப்வேயின் முதல் டெஸ்ட். பிள்ளைகளைக் கையால் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 22 வருடம் 222 நாள். போனை எடுத்துத் தேடினால் இரண்டு நொடியில் கிடைக்கும், ஆனால் நாள்காட்டியை வைத்து மாதம் மாதமாக எண்ணிய பையன் மேடையில் அதை மறக்கமாட்டான். வயது 45. அந்த டெஸ்டில் 86 ஓட்டம் கொடுத்து ஐந்து விக்கெட், அதில் ஒன்று டெண்டுல்கர், ரன் எடுக்காமல் அவரிடமே கேட்ச். இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? ட்ரைக்கோஸ் முதல் டெஸ்ட் ஆடியபோது டெண்டுல்கர் பிறக்கவே இல்லை, மூன்று வருடம் கழித்துத்தான் பிறக்கிறார். என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சின்னப் பெண் "அப்போ தாத்தா பேரனை அவுட் ஆக்கின மாதிரி" என்றாள். அப்படியே பேச்சில் போடச் சொல்லிவிட்டேன்.

சரி, இப்போது எண்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, பிரித்து எழுத வேண்டும் என்கிறேன். வெசல்ஸ் மொத்தம் 40 டெஸ்ட், 2,788 ஓட்டம். இதைச் சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? ஆஸ்திரேலியாவுக்கு 24 டெஸ்ட், 1,761 ஓட்டம், நாலு சதம். தென்னாப்பிரிக்காவுக்கு 16 டெஸ்ட், 1,027 ஓட்டம், இரண்டு சதம். ஒருநாள் ஆட்டம் ஆஸ்திரேலியாவுக்கு 54, நமக்கு 55, அந்த 109 இப்படி வந்ததுதான், என் அக்கா மகனைக் கவிழ்த்த எண். பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சராசரி ஆஸ்திரேலியாவுக்குச் சுமார் 43, நமக்கு 38-ஐக் கொஞ்சம் தாண்டி. உடனே "ஊருக்கு வந்ததும் ஆட்டம் குறைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். வயது, தலைமைப் பொறுப்பு, புதிதாகக் கூடிய அணி எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. இன்னொரு பொறி, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளே விழுவது: இரண்டு சராசரியையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அப்படிச் செய்தால் 40.5 வரும், சரியான விடை 41. மொத்த ஓட்டத்தை மொத்தமாக ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 41 தடவை, இங்கே 27, ஆக 68. 2,788-ஐ 68-ஆல் வகுங்கள்.

அடுத்து, ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று போதும். வாழ்க்கை முழுவதையும் பத்து நிமிடத்தில் ஓட்டினால் ரயில் ஜன்னலில் பார்த்த ஊர் மாதிரி ஆகிவிடும். எந்த நாள் என்பது பேசுகிற ஊரைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் பேசினால் பிரிஸ்பேன் 162 அல்லது 1992 உலகக் கோப்பையில் சிட்னியில் தன் பழைய தலைவர் ஆலன் பார்டரின் அணியையே 81 நாட் அவுட் அடித்துத் தோற்கடித்த நாள். டர்பனில் பேசினால் கிங்ஸ்மீட்தான், 1992 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை.

அந்த நாளை எப்படிக் காட்டுவது என்று ஒரு மாதிரி தருகிறேன். இந்தியா முதல் தடவையாகத் தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் ஆட வந்திருக்கிறது. முதல் பந்தைக் கபில் தேவ் போடுகிறார், முதல் டெஸ்ட் ஆடும் ஜிம்மி குக் அடிக்க, டெண்டுல்கர் பிடிக்க, முதல் பந்திலேயே முட்டை. ஒரே ஒரு பந்து போடப்பட்ட ஆட்டத்தில் மூன்றாவது ஆளாக வெசல்ஸ் உள்ளே வருகிறார். அணி எடுத்த 254-இல் 118 அவருடையது. இரண்டு நாட்டுக்கு டெஸ்ட் சதம் அடித்த முதல் ஆள் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது நம் ஊரில்தான். மறுநாள் டெண்டுல்கர் ரன் அவுட்டா இல்லையா என்று டிவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள், டெஸ்டில் அதுவும் உலகத்திலேயே முதல் தடவை. எத்தனை பேருக்கு இது கிங்ஸ்மீட்டில் நடந்தது என்று தெரியும்?

இதோடு வீட்டுக் கதை ஒன்றைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா பிறந்தது மேகசின் பாரக்ஸில், மாநகராட்சி வேலைக்காரர்களின் குடியிருப்பு, கிங்ஸ்மீட்டுக்கு நடந்தே போய்விடலாம். தாத்தா ஐம்பதுகளில் அங்கே நம்மவர்களுக்கு என்று ஒதுக்கிய தனி இடத்தில் உட்கார்ந்து, யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அவர்களுக்கே கை தட்டியவர். அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா ஆடியது நிறம் பார்க்காத சங்கங்களின் ஆட்டம், கரீஸ் ஃபவுண்டன் மாதிரி இடங்களில், பாய் விரித்த பிட்சில். அந்த அமைப்பில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர் சங்கங்களின் ஆட்டத்தைப் பார்க்கவே போகக்கூடாது, போனால் நீக்கிவிடுவார்கள். ஆக, 1992-இல்தான் அப்பா முதல் தடவை அந்த வாசலுக்குள் நுழைகிறார், கையில் டிபன், தோளில் நான். யாருக்குக் கை தட்டினீர்கள் என்று போன வருடம் பேரன் கேட்டான், பேச்சில் போடுவதற்காக. "இந்தியாவுக்கு" என்றார் உடனே. கொஞ்ச நேரம் கழித்து சமையலறையிலிருந்து, "அந்த 118-க்கும் தட்டினேன், எழுதிக்கோ." பையன் எழுதிக்கொண்டான்.

ஒரு பக்கக் கதையும் இருக்கிறது, நேரம் மிஞ்சினால் மட்டும். தென்னாப்பிரிக்கா திரும்பி வந்து ஆடிய முதல் டெஸ்ட் 1992 ஏப்ரலில் பார்படோஸில், தலைவர் வெசல்ஸ், 59-ம் 74-ம் எடுத்தார். ஜெயிக்க 201 வேண்டும், கடைசி எட்டு விக்கெட் 26 ஓட்டத்துக்குப் போய் 52 ஓட்டத்தில் தோல்வி. மைதானம் காலியாகக் கிடந்தது, உள்ளூர் வேகப்பந்துக்காரர் ஆண்டர்சன் கம்மின்ஸை எடுக்கவில்லை என்று பார்படோஸ் மக்கள் ஆட்டத்தைப் புறக்கணித்துவிட்டார்கள். அந்தக் கம்மின்ஸ் பதினைந்து வருடம் கழித்து, 2007 உலகக் கோப்பையில், கனடா சட்டையில் வந்து நிற்கிறார். ஒரே டெஸ்டில் ஒரு இரண்டு நாட்டுக்காரர் உள்ளே, இன்னொருவர் வெளியே. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், போட்டி நடுவர்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

இப்போது எல்லாரும் தடுமாறும் இடம்: ஏன் மாறினார்? "துரோகி" என்ற சொல் பிள்ளைகள் வாயில் சுலபமாக வரும், யூடியூபில் கேட்ட சொல். அதை எழுதவிடாதீர்கள். "தாய்நாட்டுப் பாசம் அவரை அழைத்தது" என்று சினிமா வசனமும் வேண்டாம், அவர் மனதில் என்ன இருந்தது என்று நமக்கு யார் சொன்னது? விதியைச் சொன்னால் போதும். பிறப்பு, குடியுரிமை, குடியிருப்பு என்று இப்போது சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி வைத்திருக்கும் வாசல்கள் இவை. வான் டெர் மெர்வ் பாஸ்போர்ட் வழியாகப் போனார், வெசல்ஸ் ஆஸ்திரேலியாவில் குடியிருந்து போனார். ஓயின் மார்கன் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்து போனது அயர்லாந்துக்கு அப்போது டெஸ்ட் இல்லாத காலம், அங்கேயே இருந்தால் டெஸ்ட் ஆட வழி இல்லை, பின்னால் 2019 உலகக் கோப்பையை இங்கிலாந்துக்கு வாங்கித் தந்ததும் அவர்தான். வாசல் எது, அது எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று சொல்லிவிட்டால் காரணத்தைக் கேட்பவர்களே புரிந்துகொள்வார்கள். சண்டைக் கதைகளிலும் இதே கவனம் வேண்டும். 1992 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில், பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு வெளியே போன பீட்டர் கிர்ஸ்டனைக் கபில் ரன் அவுட் ஆக்கினார், இது நிச்சயம். அதற்கப்புறம் கபிலுக்கும் வெசல்ஸுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கிறது. பள்ளி மேடைக்கு அது வேண்டாம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கட்டாயம் கேட்பது: எந்தப் பதிவேடு? பாசில் டி'ஒலிவேரா கேப் டவுனில் பிறந்தவர். 1956-இல் கென்யாவிலிருந்து வந்த அணிக்கு எதிராக, வெள்ளையர் அல்லாதாரின் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைவராக ஆடினார். அப்புறம் இங்கிலாந்து போய் 1966-லிருந்து 44 டெஸ்ட். 1968-இல் ஓவலில் 158 அடித்தவரை முதலில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு எடுக்கவில்லை, பிறகு எடுத்தார்கள், இந்த அணி எங்களுக்கு வேண்டாம் என்று இங்கிருந்த அரசு சொல்ல, பயணமே ரத்தானது. பதிவேட்டைப் பார்த்தால் அவர் ஒரே நாட்டுக்காரர், இங்கிலாந்து. எங்கள் அப்பா வயதுக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பதிவேட்டை எழுதியவர்கள் யாரை நாடு என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஓமர் ஹென்றி கதை வேறு மாதிரி: நாற்பது வயதில் அதே 1992 கிங்ஸ்மீட் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்குத் தன் முதல் டெஸ்டை ஆடியவர், அதற்கு முன் ஸ்காட்லாந்துக்கு ஆடியிருக்கிறார், ஆனால் அந்த ஆட்டங்களுக்கு அப்போது சர்வதேச அந்தஸ்து இல்லாததால் அவரும் பட்டியலில் வரமாட்டார். மேலே நான் சொன்ன சோதனையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது யார் போட்ட கோடு என்று ஒரு வரியாவது பேச்சில் இருக்கட்டும்.

எழுதி முடித்தாயிற்றா, இனி வாய். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம்தான். என் அக்கா மகனுக்கு 'மாமா' என்று கூப்பிடுவதைத் தவிரத் தமிழில் சரளமாக வருவது சாப்பாட்டுப் பெயர்கள். ஆகவே வருடங்கள் பெரிய தொல்லை. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு' என்பதில் தொள்ளாயிரத்துக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் நாக்கு மாட்டிக்கொள்ளும், பெரியவர்களுக்கே மாட்டும். முழு வருடத்தைப் பேச்சில் மூன்று தடவைக்கு மேல் வைக்காதீர்கள். முதல் தடவை முழுசாக, பிறகு 'அதே வருடம்', 'ஆறு வருடம் கழித்து', 'அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து'. கேட்பவர்களுக்கும் இதுதான் மனதில் நிற்கும்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, இரண்டு நாட்டுக்காரர் பேச்சுக்கு மட்டுமே உரியது. 'ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்', 'ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடினார்', இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல். பதற்றத்தில் அதை விழுங்கினால் ஆள் கட்சி மாறிவிடுவார், வெசல்ஸ் விஷயத்தில் இரண்டுமே உண்மை என்பதால் யாருக்கும் தப்பு என்றுகூடத் தெரியாது, குழம்பிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். 'ஆஸ்திரேலிய அணியில் ஆடினார்', 'ஆஸ்திரேலிய அணியை எதிர்த்து ஆடினார்' என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு வேறு நிறப் பேனாவில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, நான் மஞ்சளும் பச்சையும் வாங்கப் போய், இரண்டு நாட்டுக்குமே அந்த நிறம்தான் என்று கடையில்தான் உறைத்தது. நீலமும் சிவப்பும் வைத்துக்கொண்டோம்.

தூய தமிழ்ச் சொல் எவ்வளவு போடுவது என்று கேட்பார்கள். சதம், நடுவர், ஓட்டம், அணித்தலைவர் எல்லாம் வாயில் நன்றாக உட்காரும். விக்கெட், டெஸ்ட், கேட்ச் இவற்றை அப்படியே விடுங்கள். போன வருடம் ஒரு பிள்ளை ரன் அவுட்டுக்கு இரண்டு வரி நீளத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் சொன்னது, அரங்கத்தில் ஒருவருக்கும் புரியவில்லை, அதற்கும் மதிப்பெண் போட்டார்கள் என்பது தனிக் கதை.

நேரம்: நம் பிள்ளைகள் வேகத்துக்கு நிமிடத்துக்கு 60, 70 சொல்தான் போகும். பத்து நிமிடம் என்றால் 650 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். அதிகமாகிவிட்டால் முதலில் எண்களை வெட்டுங்கள், கிங்ஸ்மீட் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். பாடம் ஒப்பிக்க வேண்டாம், அட்டையில் தலைப்புச் சொற்களை மட்டும் எழுதி, வீட்டில் யாராவது ஒரு வயதானவர் முன்னால் இரண்டு தடவை பேசச் சொல்லுங்கள். அவர் நடுவில் குறுக்கிட்டுக் கதை சொல்வார், சொல்லட்டும், அதில் ஒன்றிரண்டு பேச்சுக்குள் வந்துவிடும்.

கடைசியாகக் கேள்வி நேரம். இரண்டு கேள்வி கட்டாயம் வரும். இரண்டு நாட்டுக்கு டெஸ்ட் சதம் அடித்த வேறு யாராவது உண்டா? கேரி பாலன்ஸ், இங்கிலாந்துக்கு அடித்துவிட்டு 2023 பிப்ரவரியில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு 137 நாட் அவுட். இந்தியாவுக்கும் வேறு நாட்டுக்கும் ஆடியவர் யார்? பெரிய பட்டோடி (நவாப் இஃப்திகார் அலி கான்) 1930-களில் இங்கிலாந்துக்கு ஆடிவிட்டு 1946-இல் இந்தியாவுக்குத் தலைவரானார், அதே 1946-இல் அவர் அணியில் இருந்த அப்துல் ஹபீஸ் கர்தார் 1952-இல் பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் தலைவர். தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை ஐயா, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள், சொன்னபடி செய்யவும் பழக்குங்கள். என் அக்கா மகன் போன வருடம் வெசல்ஸைத் திரும்பவும் எடுத்தான், அதே மூன்றாவது வரிசைப் பெரியவர் ஏதோ கேட்க, இப்படித்தான் சொன்னான். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போன் போட்டுப் பதிலைச் சொல்லியிருக்கிறான். பதிலுக்கு அவர், 1970-இல் கிங்ஸ்மீட்டில் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கிரேம் பொல்லாக்கின் 274-ஐப் பார்த்த கதையை முக்கால் மணி நேரம் சொல்லி, போன் சூடாகும்வரை விடவில்லையாம்.